எஸ் சைஸுக்குக் கீழே

எதிரில் வருகிற ஆளின் முகத்தை மாஸ்டர் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் தோள்பட்டை, அப்புறம் இடுப்பு, அப்புறம் முழங்கால், நேரமிருந்தால் முகம். கம்பெனியில் நான் சேர்ந்த முதல் நாள் என்னையும் அப்படித்தான் அளந்தார். தலை நரைத்த மனுஷன் கூச்சநாச்சமில்லாமல் இப்படிப் பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக முறைத்தேன். முறைப்பு முகத்தில் இருந்ததால் அது அவர் கண்ணில் படவே இல்லை.

"அம்மிணி, உனக்குச் சோத்தாங்கைப் பக்கத்துத் தோளு ஒரு விரக்கடை எறங்கிக் கெடக்குது. எப்பவும் அந்தப் பக்கமே பையை மாட்டுவியாட்டருக்குது" என்றார்.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து அவர்மேல் கோபம் வந்தது.

திருப்பூரிலிருந்து மங்கலம் போகிற வழியில் இருக்கிற பனியன் கம்பெனி அது. தைப்பதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகும். நான் அங்கே மெர்ச்சண்டைசர். அதாவது, துணி வாங்குகிற பையரிடம் மொத்தமாகத் திட்டு வாங்கி, கம்பெனிக்குள் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பவள். அவர் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு சட்டைக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று ஒவ்வொரு துண்டையும் அட்டையில் வரைந்து வெட்டித் தருவார். அந்த அட்டையை வைத்துத்தான் துணி வெட்டுவார்கள். அட்டை தப்பினால் ஆர்டர் முழுக்கத் தப்பும். அவருக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. கம்பெனியில் அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே கூப்பிடப் போவதில்லை.

அடக்கமான மனுஷன் என்று நினைத்துவிட வேண்டாம். தற்பெருமை தலைக்கு மேல் இருந்தது. அவருடைய சட்டைகளை அவரே வெட்டி அவரே தைப்பார். எப்போதும் வெள்ளை, அரைக்கை. தோளில் ஒரு சுருக்கம் இருக்காது. சாம்பிள் செக்‌ஷனுக்குப் புதிதாக யார் வந்தாலும் மாஸ்டர் அவர்கள் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குவார்.

"என்ற சட்டை நுனி மேல ஏறுச்சாங்க?" என்பார்.

ஏறாது. "இப்ப நீங்க தூக்குங்க" என்பார். வந்தவர் தூக்குவார். சட்டை ஏறி, தொப்புள் தெரியும். "ஆர்ம்ஹோலுங்க, ஆர்ம்ஹோல்" என்று கை புகும் அந்த வளைவைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார். முதலாளிகூட வெளிநாட்டுப் பையர்கள் வந்தால் அவரைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கச் சொல்வார். கோயில் காளையை ஊர் சுற்றிக் காட்டுவது மாதிரி இருக்கும். மாஸ்டருக்கு அதில் வெட்கமே கிடையாது.

அவரிடம் சாம்பிள் பாஸ் ஆவது லேசுப்பட்ட காரியமில்லை. தைத்த சட்டையைப் பொம்மைக்கு மாட்டி வைப்போம். திட்ட மாட்டார், விளக்க மாட்டார். தப்பு இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நமக்கு ஒன்றும் தெரியாது. அவர் பார்க்கப் பார்க்கத்தான் அந்த இடத்தில் ஒரு சின்ன மடிப்பு இருப்பது நம் கண்ணுக்குத் தெரியவரும். பிறகு ஒரே ஒரு சொல் வரும். "மறுபடி." பையர் போதும் என்று மெயில் அனுப்பியிருந்தாலும், கப்பல் கிளம்பப் போகிறதென்று நான் தலைகீழாக நின்றாலும், மறுபடிதான். அவரிடம் நான் அழுதிருக்கிறேன், கத்தியிருக்கிறேன். ஒருமுறை முதலாளி, "இருக்கட்டும் உடுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் அட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார்.

இப்படி அடுத்தவர் தோளைப் பார்த்தே காலம் தள்ளிய மனுஷனுடைய தோள் கரைந்துகொண்டிருந்ததை, தினமும் பக்கத்தில் இருந்த நாங்கள் ஒருத்தரும் பார்க்கவில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் நாயைச் சொல்ல வேண்டும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். மாஸ்டருக்கு நாயில் சறுக்கியது.

குளிர் நாடுகளில் நாய்களுக்குச் சட்டை போடுகிறார்கள். அந்த ஆர்டர் ஒன்று எங்களுக்கு வந்தது. மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். "நாய் வித்த காசு கொரைக்குமாங்க மாஸ்டர்?" என்று முதலாளி சிரித்தார். பையர் ஒரே ஒரு சின்ன நாயின் அளவை மட்டும் அனுப்பி, மற்ற சைஸ்களை நீங்களே கிரேடிங் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கிரேடிங் என்றால் ஒரு அளவு அட்டையிலிருந்து அடுத்தடுத்த அளவுகளைப் பெருக்கி எடுப்பது. குழந்தைகள் சட்டைக்கு மாஸ்டர் அதைத் தூக்கத்தில்கூடச் செய்வார். இதையும் அதே மாதிரி எல்லாப் பக்கமும் சமமாகப் பெருக்கினார்.

எஸ் சைஸை அக்கவுண்ட்ஸ் அக்கா வீட்டுப் பொமரேனியனுக்குப் போட்டோம். அது மாடிப்படியில் ஏறி ஓடியது. எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு முதலாளியின் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஒரு லாப்ரடார் இருந்தது. போட்டுவிட்டு மாஸ்டர் டேப் வைத்துப் பார்த்தார். கழுத்து சரி, நெஞ்சு சரி, நீளம் சரி. நாய் மட்டும் அசையவில்லை. சிலையாக நின்றது. முதலாளி பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டார். முன்னங்காலை எடுத்து வைக்கப் பார்த்தது, கால் பாதியில் நின்றது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. விழுந்தபடியே எங்களை ஒரு பார்வை பார்த்தது. நானும் முதலாளியும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாஸ்டர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றினார். நாயின் தோளில் கையை வைத்துக்கொண்டு, குனிந்தபடியே அதனுடன் தோட்டத்தைச் சுற்றி நடந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண்.

"அம்மிணி, நாம இது நிக்கறதுக்குத் தைச்சிருக்கறோம். இது நடக்கோணுமல்லோ" என்றார், திரும்பி வந்து.

அதற்குப் பிறகு அந்த மனுஷனோடு தெருவில் போவது பெரும்பாடாகிவிட்டது. எருமை போனால் நிற்பார். பூனை மதிலிலிருந்து குதித்தால் நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்று ஆடு உரிப்பதைக் கடைசிவரைக்கும் பார்த்துவிட்டு, மறுநாள் நான் டீயில் பன்னை முக்கும்போது வந்து அதைச் சொன்னார். நான் சைவம் என்று அவருக்குத் தெரியும்.

"பாய் பின்னங்காலை எடுக்கறதுக்கு மூட்டைத் திருகிக் கழட்டோணும். முன்னங்காலுக்குச் சும்மா கத்திய வெச்சு இழுத்தாப் போதும், வந்துருது. ஏன் தெரியுமா? அது ஒடம்போட எலும்பால ஒட்டவே இல்ல அம்மிணி. வெறும் சதைதான் தூக்கிப் புடிச்சுட்டிருக்குது. நடக்கையில அந்தத் தோள் பலகை முன்னயும் பின்னயும் வழுக்கிப் போவுது. நம்ம தையல் அத அமுக்கிக் கட்டிப்போட்டுருச்சு."

"அப்ப நமக்குங்க?"

"நமக்குத்தான் இங்க ஒரு எலும்பு குறுக்க இருக்குதே" என்று சட்டைக்கு மேலாகத் தன் காறை எலும்பைத் தட்டினார். "ஆனா நமக்கும் பாதி சதை புண்ணியம்தான்."

சின்ன நாய் மட்டும் எப்படி ஓடியது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என்னைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் காட்டினார். "இத நீளம், அகலம், ஒசரம் எல்லாத்துலயும் ரெண்டு மடங்கு ஆக்கு. மேல ஒட்டற பேப்பரு நாலு மடங்கு. உள்ள புடிக்கற சரக்கு?"

"நாலுங்க."

"எட்டு. அதுதான் ஒடம்பு. ஒசரம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா, காலைக் குறுக்க வெட்டிப் பாத்தா அந்தப் பரப்பு நாலு மடங்குதான் ஆகும், ஆனா சொமை எட்டு மடங்கு. அதனால பெரிய உருப்படி சின்ன உருப்படியப் பெருக்கின மாதிரி இருக்க முடியாது. தோள்ல சதை கூடப் போடோணும், காலு கூடத் தடிக்கோணும். நான் சின்னதப் பெருக்கி வெட்டுனேன். அது நாய் இல்ல, பெருசான பொமரேனியன்."

அப்புறம் எலிக்கும் யானைக்கும் போனார். புலி பதுங்குவது பாய்வதற்கு என்கிறோம். எலி, அணில், பூனையெல்லாம் எப்போதுமே காலை மடக்கிப் பதுங்கித்தான் இருக்கின்றன, உடம்பு லேசு என்பதால் மடங்கிய காலே தாங்கிவிடுகிறது என்றார். யானையால் அது முடியாது. தேர் சமயத்தில் தெருவில் வந்த கோயில் யானையின் பின்னால் அவர் பாதி ஊர் நடந்திருந்தார். "முட்டியப் பூட்டிக் காலைத் தூண் மாதிரி நேரா வெக்குது. மடக்குனா அந்தச் சொமைக்குச் சதை பத்தாது. யானை குதிச்சுப் பாத்திருக்கறியா? குதிக்காது. அது பெருமையில நடக்கறதில்ல அம்மிணி, பயத்துல நடக்குது."

புது எக்ஸ்எல் அட்டையில் தோள் வேறாக இருந்தது, நெஞ்சு வேறாக இருந்தது. லாப்ரடார் அதைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து முதலாளி மேல் தாவியது. அன்றைக்கு மாஸ்டர் வெகுநேரம் அந்த நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பிள் செக்‌ஷனில் அதிலிருந்து ஒரு புதுப் பேச்சு வந்தது. யார் எதை வெட்டினாலும், "நிக்கறதுக்குத் தைக்காதீங்க, நடக்கறதுக்குத் தைங்க" என்பார். அலுத்துப்போகும் அளவுக்குச் சொல்வார்.

இனி அந்த வருத்தமான கதை.

ஒரு பையர் கூட்டம் வந்திருந்தது. முதலாளி வழக்கம்போல மாஸ்டரைக் கூப்பிட்டார். மாஸ்டர் வழக்கம்போல முன்னால் வந்து நின்று கைகளைத் தூக்கினார். இடது கை தலைக்கு மேலே போனது. வலது கை நெஞ்சுக்கு நேரே நின்றுவிட்டது. அவரே அதைப் பார்த்தார். "வாயு புடிச்சிருக்குதுங்க" என்று சிரித்து, கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு போய்விட்டார். நாங்களும் வாயு என்றே நம்பினோம். ஏனென்றால் அந்த வலது தோளில் சட்டை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

எங்கள் ஊர்ப் புத்தி அப்படி. ஆள் இளைத்தால் முதலில் சட்டை சொல்லிவிடும் என்று நம்புகிற ஊர் இது. காலர் தொங்கினால், தோள் இறங்கினால், "ஏனுங், ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிடுவோம். மாஸ்டர் சட்டை தொங்கவே இல்லை. அவர்தான் மாதா மாதம் பிரித்துப் பிரித்துச் சின்னதாக்கித் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாரே. அது எங்களுக்கு அப்போது தெரியாது. சட்டை உடம்பில் பொருந்துகிறதா என்று தினமும் பிட்டிங் பார்த்துச் சம்பளம் வாங்கும் நாங்கள் அத்தனை பேரும் சட்டையைப் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தது கையைத்தான். கத்தரிக்கோலை அவர் இடது கைக்கு மாற்றியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எல்லோருக்கும் மேடாக இருக்குமே, அந்தச் சதை அவருக்குக் குழியாக இருந்தது. முன்கையில் தோலுக்கடியில் ஏதோ துடித்துக்கொண்டே இருந்தது.

"இங்கதான் மொதல்ல போச்சு. அப்பறம் தோளு. நான் பாத்துட்டேதான் இருக்கறேன்" என்றார். ஏதோ நூலின் தரத்தைச் சொல்வது மாதிரி சொன்னார்.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ஊசி குத்தி, மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். திரும்பி வந்தவர் கம்பெனிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னார்.

"நரம்பு போவுதாம். சதைக்குச் சொல்றதுக்கு ஆளில்லாம சதை கரைஞ்சுருமாம். கையி, காலு, அப்பறம் நாக்கு, தொண்ட. கடைசில மூச்சு இழுக்கற சதை."

"மருந்து என்னங்க சொன்னாங்க?"

"டாக்டரு நல்ல மனுஷன். நெம்பப் பொறுமையா சொன்னாரு. மருந்து இருந்தா எதுக்கு அத்தன பொறுமையாச் சொல்றாரு?" என்றார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து வாயை அதனிடம் கொண்டுபோய்க் குடித்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஊரில் எத்தனையோ பேர் தப்பும் தவறுமாகத் தைத்துக்கொண்டு கல்லுக்குண்டாக நடமாடுகிறார்கள்.

அவர் மனைவி என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அனுப்பர்பாளையத்தில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நெசவுக் குடும்பம், முருகன் என்றால் உயிர். பழனிக்குப் பாதயாத்திரை வேண்டிக்கொண்டு நடந்தார். எண்ணெய் வைத்தியம் பார்த்தார்கள், மூலிகை பார்த்தார்கள். இடையில் ஒரு மாதம் இடது கைக்குப் பலம் திரும்புகிறது என்று அக்கா எனக்குப் போன் செய்து அழுதார். மாஸ்டரிடம் கேட்டேன். "அவ அப்படித்தான் சொல்லுவா. பழனி வரைக்கும் நடந்திருக்கறாளல்ல" என்றார்.

கால் போக ஆரம்பித்ததும் நடை மாறியது. ஒருநாள், அவர் வீட்டில் வைத்தே வெட்டியிருந்த அட்டைகளை வாங்கிவர அங்கே போயிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல், ஒவ்வொரு காலையும் நேராகத் தூக்கி வைத்து வந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்ன, யானை மாதிரி இருக்குதா?"

நான் மேஜையில் இருந்த அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"அதேதான். கொஞ்சம் மடங்குனாலும் தாங்காது, உழுந்துருவேன். அதான் பூட்டிக்கறேன். யானைக்குச் சொமை சாஸ்தி, எனக்குச் சதை கம்மி. கணக்கு ஒண்ணுதான் அம்மிணி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பயமும் ஒண்ணுதான்."

அந்த ஒரு தடவைதான் பயம் என்று அவர் தன்னைப் பற்றிச் சொன்னது.

சட்டைகளைக் காட்டியதும் அன்றைக்குத்தான். கட்டிலில் நாலு வெள்ளைச் சட்டைகள் வரிசையாகக் கிடந்தன. இடது கையால் வெட்டித் தானே மிஷினில் தைத்திருந்தார். நாங்கள் பையருக்குச் சைஸ் செட் அனுப்புவோமே, ஒரே சட்டையைப் பெரிதிலிருந்து சின்னது வரைக்கும், அது மாதிரி எக்ஸ்எல், எல், எம், எஸ். எல்லாவற்றுக்கும் முன்பக்கம் மூடியிருந்தது. முதுகில் மேலிருந்து கீழ்வரை திறப்பு, ஒட்டுகிற வெல்க்ரோ. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அது அந்த லாப்ரடார் சட்டையின் பேட்டர்ன், அதற்கும் முதுகில்தான் திறப்பு.

"நாய் தானாவா போட்டுக்குது? நாமதான போட்டு உடறோம்" என்றார். "நாளைக்கு எனக்கும் இவதான போட்டு உடோணும். கையத் தூக்கவே வேண்டாம். முன்னால நீட்டிப் புகுத்தி, பின்னால ஒட்டிரலாம்."

நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். சமமாகக் குறையவில்லை. கை வேகமாக இளைத்தது. நெஞ்சு மெதுவாக இளைத்தது. தோளின் அகலம் நாலிலும் ஒன்றே. "சதைதான் போவும், எலும்பு போவாது. தோள் அகலத்துல கை வெக்கக் கூடாது" என்றார். தன் உடம்பு எந்த வழியில் கரையும் என்று யோசித்து, கத்தரி பிடிக்க விரல் இருக்கும்போதே முன்கூட்டி வெட்டி வைத்திருக்கிறார். சட்டை தொங்குகிற ஆளாகச் சாகக் கூடாது. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வேறு எதையும் அவர் கேட்டு நான் பார்க்கவில்லை.

வாய் சும்மா இருக்காமல் நான், "எஸ்ஸுக்குக் கீழ என்னங்க மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்குக் கீழ நான் எதுக்கு இருக்கறேன்?" என்றார்.

கணக்கு அங்கேதான் தப்பியது. எக்ஸ்எல் கச்சிதமாக இருந்தது. எல் இருந்தது. எம் போடும்போது பேச்சு குழறியது. அக்காவுக்கு மட்டும் புரிந்தது. எஸ் போடும்போது பேச்சே இல்லை. ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பார், வேண்டாம் என்றால் பார்வையை ஜன்னலுக்குக் கொண்டுபோவார். அவ்வளவுதான் பாஷை. எஸ்ஸும் கச்சிதமாக இருந்தது. பிறகு அதுவும் தொங்க ஆரம்பித்தது. மாஸ்டர் இருந்தார்.

"அம்மிணி, இன்னொண்ணு தைச்சுக் குடுக்க முடியுமா? காலரு தொங்குனா அதவே கீழ பாத்துட்டிருக்கறாரு. எனக்குத் தாங்க முடியல" என்று அக்கா போனில் கேட்டார்.

எஸ் அட்டையை வாங்கி வந்தேன். கம்பெனியில் இப்போது கம்ப்யூட்டரில்தான் பேட்டர்ன். அதில் கொடுத்தால் நொடியில் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருக்கித் தந்துவிடும். நான் கொடுக்கவில்லை. அந்த மனுஷனிடம் இத்தனை வருஷம் "மறுபடி" வாங்கியவள் அல்லவா? மேஜையில் அட்டையை விரித்து நானே வரைந்தேன். தோள் அகலத்தில் கை வைக்கவில்லை. கையை ஒடுக்கினேன், நெஞ்சைக் கொஞ்சம் ஒடுக்கினேன். ஆர்ம்ஹோலை அவர் வெட்டுகிற மாதிரியே வெட்டினேன். அவரே வெட்டியது போலிருந்தது. பெருமையாக எடுத்துக்கொண்டு போனேன்.

அக்காவும் நானும் சேர்ந்து போட்டுவிட்டோம். கைகளை முன்னால் நீட்டிப் புகுத்தி, அவரைச் சாய்த்து, பின்னால் ஒட்டினோம். கனமே இல்லை. நாற்காலியில் உட்கார வைத்ததும் அவருடைய தலை முன்னால் சரிந்தது. வலது தோள் எந்தப் பிடிமானமும் இல்லாமல் கீழே வழுக்கிப் போனது. சட்டை பிடரியில் மேலேறிக் கழுத்துக்கு முன்னால் கொத்தாகச் சுருண்டு நின்றது. காறை எலும்பு துணியைக் குத்திக்கொண்டு நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நேராக நிற்கிற ஆளுக்குத் தைத்திருந்தேன். கண்ணுக்குள் இருந்த மாஸ்டருக்கு, பையர்கள் முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்த ஆளுக்கு அளவெடுத்திருந்தேன். இந்த நாற்காலியில் சரிந்து கிடக்கிறவரை நான் பார்க்கவே இல்லை.

மாஸ்டர் கண்ணைத் தாழ்த்தினார். கழுத்தடியில் சுருண்டிருந்த இடத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த பார்வை அது. எத்தனையோ சாம்பிள் அந்தப் பார்வையில் செத்திருக்கிறது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். இனி அது வராது என்பது மறந்துவிட்டது.

"மறுபடி தைச்சுக் கொண்டாறேனுங்க மாஸ்டர்" என்றேன்.

பார்வையை ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.

அவருக்குக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் குனிந்தேன். "இது தப்பா இருக்குதுங்க. எனக்கே தெரியுதுங்க. பிரிச்சு, நாளைக்கே மறுபடி தைச்சுக் கொண்டாறேன்."

மறுபடியும் பார்வை ஜன்னலுக்குத்தான் போனது. அங்கே எதிர்வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை.

"வேண்டாங்கறாரு அம்மிணி" என்றார் அக்கா. "இருக்கட்டுங்கறாரு."

சுருண்டிருந்த துணியை அக்கா விரலால் நீவிவிட்டார். நீவியதும் நேரானது. கையை எடுத்ததும் மறுபடி சுருண்டது. இதற்குப் பிறகு மாஸ்டர் அதிக நாள் இல்லை. போனபோதும் அந்தச் சட்டைதான் போட்டிருந்தார் என்று அக்கா சொன்னார். தப்பான சாம்பிள் ஒன்றை அவர் பாஸ் பண்ணி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அது நான் தைத்தது.